மிளகாய்க்கு முன்

இரவு இரண்டு மணிக்கு
நயினார்குளம் மார்க்கெட்டில் லாரி வந்து நிற்கும்.
மூட்டை எண்ணி எழுதுவது என் வேலை.
தடியங்காய் நாற்பது. சீனியவரை பதினெட்டு.
கத்தரியில் அழுகல் ஒன்றே கால், கழித்து எழுது.
ஒன்பதுக்கு வீடு திரும்பும்போது பைக்குள்
வளைந்ததும் வெடித்ததும் விலைபோகாததும்.
இரண்டு கால் முளைத்த கேரட்டை
யாரும் கை நீட்டி வாங்க மாட்டார்கள்.
ஆதினி வாங்குவாள்,
காலுக்கு ஒரு கையாகப் பிடித்து.

வடிவு ஒன்பதரைக்குப் பாளையங்கோட்டை பஸ்ஸுக்கு ஓடுவாள்.
படியிறங்கும்போது தினமும் அதே வரி:
"அவளுக்கு உப்பு போட்டுராதீய, ஒரு வயசு ஆவட்டும்."
அதன்பின் வீட்டில்
நானும் ஒன்பது மாதமும் ஒரு குக்கரும்.

முதலில் தனித்தனியாகத்தான் சமைத்தேன்.
அவளுக்கு வேகவைத்து மசித்து வடிகட்டி,
சின்னச் சின்னக் கிண்ணங்களில்
பெயின்ட் கடைச் சாம்பிள் போல வரிசையாக.
எனக்கு முந்தின நாள் புளிக்குழம்பு, ஒரு அப்பளம்.
ஆகக்கூடி
இரண்டு பல் உள்ள ஆள்தான் காய்கறி தின்றாள்.
முப்பத்திரண்டு உள்ளவனுக்கு
காய்கறி என்பது மூட்டைக் கணக்கு.

பிரஷர் பார்த்த டாக்டரம்மா
பட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
"உப்பைக் குறைங்க, காயைக் கூட்டுங்க."
அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே சீட்டு.

அன்றுதான் கூட்டாஞ்சோறு வைத்தேன்.
அரிசி, அதில் பாதி துவரம்பருப்பு,
பையில் இருந்த அத்தனையும் நறுக்கி,
மேலாக இரண்டு கை முருங்கைக்கீரை.
குக்கரைத் திறக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.
"சீனியவரை பதினெட்டா எம்பதாவே?
கணக்கு இடிக்குது."
பதினெட்டு, பதினெட்டு என்று கத்திக்கொண்டே
அரைப்பை முழுசாகக் கொட்டிக் கிண்டிவிட்டேன்.
ஆறு மிளகாய் வத்தல்.
அவள் பங்கை எடுத்து வைக்கவில்லை என்பது
கடைசிக் கரண்டியில்தான் உறைத்தது.
ஒரு விரல் நுனியளவு நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்றேன்.
முகம் சுருங்கியது. ஒரு நொடி சத்தமே இல்லை.
அப்புறம் தெருவே கேட்டது.

மறுநாள்
தேங்காய், சீரகம், சின்ன உள்ளி மட்டும்
அரைந்து உள்ளே போயின.
மிளகாயையும் உப்பையும் வெளியே நிறுத்தினேன்.
அவளுக்கு எடுத்து மசித்த பிறகு
நல்லெண்ணெயில் வடகம் பொரித்து,
வத்தலைக் கிள்ளி,
வேண்டியவர் தட்டில் வேண்டுமளவு.
முருங்கைக்காயை நகத்தால் வழித்து
சதை அவளுக்கு, சக்கை எனக்கு.
கத்தரியை மட்டும் இன்னும் துப்புகிறாள்.
நான் வற்புறுத்துவதில்லை.
அதன் விலை இப்போது என்னவென்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மானூரிலிருந்து மச்சினன் வந்தான்.
"என்னத்தான், ஆஸ்பத்திரிச் சோறா?"
தாளிப்பை ஊற்றிக் கொடுத்தேன்.
கூழ்வத்தலை நொறுக்கிப் போட்டுத் தின்றான்.
மறுசோறு கேட்கும்போது தாளிப்பு தீர்ந்திருந்தது.
அவன் கவனிக்கவில்லை.
ஆதினிதான் கவனித்தாள்.
தன் கிண்ணத்து நிறம் அவன் தட்டில் விழுவதைப் பார்த்து
கரண்டியை எட்டிப் பிடித்தாள்,
விடவே இல்லை.

வடிவு அன்று நின்றபடியே
குக்கரில் மிச்சத்தை வழித்துத் தின்றாள்.
"கீரை பத்தல."
அவ்வளவுதான் சொன்னாள்.

இரவு இரண்டு மணி. லாரி விளக்கு.
லோடுமேன் பிரம்மநாயகம் மூட்டையோடு நின்றுவிட்டார்.
"தோள்ல என்னவே, காக்கா எச்சமா?"
தடவிப் பார்த்தேன்.
காய்ந்து ஒட்டிய நாலு பருக்கை,
நடுவில் சுருங்கிய ஒரு முருங்கை இலை.
தூங்கவைக்கத் தோளில் போட்டபோது
வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒண்ணுமில்ல, எண்ணும்" என்றேன்.
பேனாவைத் திறந்தேன்.